உயர் மின்னழுத்தமும் மலைக்காற்றும்: பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் பராமரிப்பு வரலாறு – கொல்லிமலை வளப்பூர் நாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் ஒளிபரப்பின் வரலாறாகவும் அரசியலின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. வீட்டுக்குள் வந்த பெட்டி எத்தனை ஆண்டுகள் ஓடியது, அதன் எவ்வுறுப்பு முதலில் தளர்ந்தது, யாருடைய கைத்திறன் அதனை மீட்டது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. படக்குழல் பெட்டிகளின் உயர் மின்னழுத்தப் பகுதியை மையமாகக் கொண்டு, 1975 தொடங்கி 2010கள் வரையிலான பராமரிப்பு வரலாற்றை இக்கட்டுரை மூன்று காலகட்டங்களாகப் பகுத்து ஆராய்கிறது. கொல்லிமலை வளப்பூர் நாட்டின் உயரமும் ஈரமும் இவ்வாய்வுக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன. உயர் மின்னழுத்தப் பகுதி படிப்படியாக மூடி முத்திரையிடப்பட்டதால் பெட்டி ஈரத்தைத் தாங்கும் வலிமை பெற்றது. அதே காரணத்தால் பழுதுபார்ப்போரின் அறிவு பெட்டியிலிருந்து விலக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: தொலைக்காட்சி, படக்குழல், உயர் மின்னழுத்தம், பராமரிப்பு, பழுதுபார்ப்பு, கொல்லிமலை, வளப்பூர் நாடு, தொழில்நுட்ப வரலாறு.

1. முன்னுரை

கொல்லிமலை குறித்த தமிழாய்வுகள் வல்வில் ஓரியையும், அறப்பளீசுவரர் கோயிலையும், மலையாளிப் பழங்குடியினரின் வழக்காறுகளையும், அண்மைக்காலமாகச் சிறுதானியங்களையும் மையமிட்டே அமைந்துள்ளன. மலைநாட்டு வீடுகளுக்குள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்த எந்திரங்கள் அவ்வாய்வுகளின் பார்வையில் படவில்லை. பழமையின் இருப்பிடமாக மலையைக் காணும் நோக்கே இதற்குக் காரணம் எனலாம்.

தொழில்நுட்ப வரலாற்றில் புதுப்புனைவுக்குத் தரப்படும் முதன்மையைப் பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் தரவேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய சிறு எந்திரங்களின் வழியாக நவீன இந்தியாவின் அன்றாட வாழ்வை டேவிட் ஆர்னால்ட் 2013இல் ஆராய்ந்தார். இந்தியத் தொலைக்காட்சி பற்றிய ஆய்வுகளோ, பூர்ணிமா மங்கேகர், அரவிந்த் ராஜகோபால் ஆகியோரின் நூல்கள் தொடங்கி, நிகழ்ச்சிகளையும் பார்வையாளரையும் அரசியலையும் ஆராய்ந்த அளவுக்குப் பெட்டியின் உள்ளே நோக்கவில்லை. அவ்விடைவெளியில் இக்கட்டுரை அமைகிறது.

2. உயர் மின்னழுத்தப் பகுதியின் அமைப்பு

படக்குழலின் கழுத்துப் பகுதியில் புறப்படும் எதிர்மின்னணுக் கற்றை திரையின் ஒளிர்பூச்சில் மோதும்போது ஒளி பிறக்கிறது. அக்கற்றையை முடுக்குவதற்குக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் 15,000 முதல் 18,000 வோல்ட் வரையும், பெரிய வண்ணப் பெட்டிகளில் 25,000 வோல்ட் அளவிலும் மின்னழுத்தம் வேண்டப்படுகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து இதனைப் பெறுவதற்குத் தனி மின்மாற்றி உண்டு. இந்தியாவில் பின்பற்றப்பட்ட 625 கோட்டு முறையில் கற்றை நொடிக்கு 15,625 முறை திரையின் குறுக்கே சென்று திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் ஒவ்வொரு கணத்திலும் சுருளில் எழும் மின்துடிப்பு பன்மடங்கு உயர்த்தப்பட்டு, ஒருதிசையாக்கப்பட்டு, படக்குழலின் நேர்மின்வாய்க்கு அனுப்பப்படுகிறது. பட்டறை வழக்கில் இம்மின்மாற்றி ‘எல்.ஓ.டி.’ என்றும், அது தரும் மின்னழுத்தம் ‘ஈ.எச்.டி.’ என்றும் வழங்கும்.

படக்குழலின் புனல் வடிவக் கண்ணாடி உள்ளும் புறமும் கரிமப் பூச்சு பெற்றது. இரு பூச்சுகளுக்கும் இடையிலுள்ள கண்ணாடி மின்காப்பாகச் செயற்படுவதால் படக்குழலே ஒரு மின்தேக்கியாகிறது. அதன் கொள்ளளவு 2,000 பிக்கோஃபாரடு எனவும் மின்னழுத்தம் 25,000 வோல்ட் எனவும் கொண்டால், தேங்கும் ஆற்றல் 0.6 ஜூல் அளவினது. பெட்டியை அணைத்த பின்னரும் இம்மின்னூட்டம் நீடிக்கும். ஒருமுறை இறக்கிவிட்ட பின்னும் கண்ணாடியில் ஊறிய மின்னூட்டத்தின் ஒரு பங்கு மீண்டும் மேலெழும். ஆகவே புறப்பூச்சோடு கம்பியால் இணைத்த திருப்புளியை நேர்மின்வாய் மூடியின் அடியில் செலுத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை மின்னிறக்கம் செய்வதும், அவ்வேளையில் மற்றொரு கையை உடலோடு ஒதுக்கிக்கொள்வதும் தொழிலின் முதற்பாடமாயின. 0.6 ஜூல் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் அளவினதன்று. அதிர்ச்சியில் கை உதறப்பட்டுப் படக்குழலின் கழுத்து முறிவதும், மின்சட்டகத்தின் மீது கை விழுவதும் அதனினும் பெரிய இடர்களாகும். மின்தடத்தோடு நேரடியாக இணைந்த சட்டகமும், 300 வோல்ட் தாங்கி நிற்கும் வடிகட்டு மின்தேக்கியுமே உயிருக்கு மிகுதியாக ஊறு விளைப்பவை.

3. வளப்பூர் நாடு: உயரமும் ஈரமும்

கொல்லிமலை பல ‘நாடு’களாகப் பகுக்கப்பட்டது, அவற்றுள் ஒன்றான வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயில் அமைந்துள்ளது. மலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும்வரை இம்மலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலை 70 கொண்டையூசி வளைவுகளைக் கொண்டது. தொலைக்காட்சிப் பராமரிப்பை ஆராய்வார்க்கு இந்நிலவியற் செய்திகள் மூன்று வகையில் பொருளுடையன.

முதலாவது உயரம். கடல்மட்டத்தில் சீரான மின்புலத்தில் ஒரு சென்டிமீட்டர் காற்று ஏறத்தாழ 30,000 வோல்ட்டைத் தாங்கும். காற்றின் அடர்த்தி குறையும்போது இத்தாங்குதிறனும் குறையும். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. மலையின் தண்மை அடர்த்தியைச் சற்றே ஈடுசெய்யினும், காற்றின் மின்காப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. உயர் மின்னழுத்தக் கருவிகளுக்கான அனைத்துலகத் தரங்கள் பலவும் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் காப்பு இடைவெளியைத் திருத்திக் கணக்கிடச் சொல்வது இதனாலேயே. கூர்முனை கொண்ட கம்பி நுனி, பிசிறுள்ள ஈயப்பற்று ஆகிய இடங்களில் மின்புலம் குவிவதால் அங்கு மின்கசிவு மேலும் எளிதாகிறது. உயர் மின்னழுத்த முனைகளில் ஈயத்தை உருண்டையாகத் திரட்டிப் பற்றவைக்கும் பழக்கம் இதனைத் தடுப்பதற்கே தோன்றியது.

இரண்டாவது ஈரம். மலையில் இரு பருவக்காற்றுகளின் மழையும் நீண்ட பனிமூட்டமும் உண்டு. உயர் மின்னழுத்தம் தூசியைத் தன்பால் ஈர்க்கும் இயல்புடையது; விறகடுப்புப் புகை படியும் வீடுகளில் அத்தூசி கரி கலந்ததாக அமையும். உலர்ந்த நிலையில் பெரிதும் தீங்கற்ற அப்படிவு, ஈரத்தை உண்டதும் மின்கடத்தியாகிறது. நேர்மின்வாய் மூடியைச் சுற்றிச் சீறும் ஒலியும், இருளில் தெரியும் நீலவொளியும், ஓசோனின் காரநெடியும் இந்நிலையின் அடையாளங்கள். கவனிக்கப்படாத கசிவு கண்ணாடியிலும் ரப்பர் மூடியிலும் கரித்தடம் இட்டு, அத்தடமே நிலையான மின்வழியாகிவிடும். உயரம் மட்டும் ஒரு பெட்டியைக் கெடுப்பதில்லை. உயரத்தால் ஏற்கெனவே குறைந்த காப்பின் மீது ஈரமும் புகைத்தூசியும் சேரும்போதே அது பழுதாகிறது.

மூன்றாவது தொலைவு. படக்குழல் பெட்டி எடை மிக்கது. உள்ளே வெற்றிடம் கொண்ட கண்ணாடிக் கலனைச் சுமப்பது. அதனை 70 வளைவுகளைக் கடந்து சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ கொண்டுசெல்வதும் மீளக் கொணர்வதும் பழுதுக்கூலியோடு போக்குவரத்துச் செலவையும், வழியில் உடையும் இடரையும் சேர்க்கின்றன. சமவெளியில் சிறு பழுதாகக் கருதப்படுவது மலைமேல் பெட்டியின் முடிவாக மாறக்கூடும். இதனால் இடத்திலேயே செய்யக்கூடிய பராமரிப்பு மலைநாட்டில் தனிமதிப்புப் பெறுகிறது.

4. வெற்றிடக் குழல் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களைச் சென்றடைந்தது. தமிழகம் அவ்வாறனுள் இடம்பெறவில்லை. எனவே தமிழகத்தில் தொலைக்காட்சி முதலில் சென்னை அலைபரப்பியின் எல்லைக்குட்பட்ட நகர்ப்புறப் பொருளாகவே இருந்தது. சென்னையின் டயனோரா, சாலிடேர், ஐதராபாத் இந்திய மின்னணுக் கழகத்தின் ஈ.சி. ஆகியன அக்காலத்தில் பரவலாக அறியப்பட்ட பெட்டிகள்.

குழல்களும் திரிதடையங்களும் கலந்த அக்காலப் பெட்டிகளில் உயர் மின்னழுத்தப் பகுதி பிரித்துப் பார்க்கத்தக்கதாக இருந்தது. பி.எல். 504 போன்ற வெளியீட்டுக் குழல், பி.ஒய். 88 போன்ற இருமுனையக் குழல், டி.ஒய். 87 போன்ற மின்திருத்திக் குழல் ஆகியன தனித்தனித் தாங்கிகளில் பொருத்தப்பட்டிருந்தன. மின்திருத்திக் குழலின் இழையைச் சூடாக்கும் மின்சாரமும் அதே மின்மாற்றியின் மீது சுற்றிய ஓரிரு சுற்றுக் கம்பியிலிருந்தே பெறப்பட்டது. எந்த உறுப்பு தளர்ந்ததோ அதனை மட்டும் மாற்றினால் போதும்.

25,000 வோல்ட்டைச் சாதாரண அளவுமானியால் அளக்க இயலாது. அதற்கெனத் தனி அளவுக்கோல் வேண்டும். அஃதில்லாத பட்டறைகளில் புலன்களே கருவிகளாயின. 15,625 முறை அதிரும் மின்மாற்றியின் மெல்லிய கீச்சொலி கேட்கிறதா என்று செவி பார்த்தது. திரையருகே நீட்டிய புறங்கையின் மயிர் சிலிர்த்தால் உயர் மின்னழுத்தம் உண்டு எனப்பட்டது. ஒளியைக் கூட்டும்போது படம் உப்பிப் பெருகி மங்கினால் மின்திருத்தி தளர்ந்தது என்றும், படம் நாற்புறமும் சுருங்கினால் மின்வழங்கல் குறைந்தது என்றும் கண் கண்டறிந்தது. திருப்புளியால் பொறியை இழுத்து, அதன் நீளத்தாலும் நிறத்தாலும் மின்னழுத்தத்தை மதிப்பிடும் வழக்கமும் இக்காலத்தது. வெற்றிடக் குழல்கள் இவ்வதிர்ச்சியைத் தாங்கின.

மெழுகும் தாளும் காப்பாகக் கொண்ட இக்கால மின்மாற்றிகள் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவன. நாள்தோறும் ஓடும் பெட்டியில் குழல்களின் வெப்பமே ஈரத்தை விரட்டும். பல வாரம் அணைந்து கிடந்த பெட்டியே ஆபத்துக்குரியது. ஈரமேறிய மின்மாற்றியைக் குமிழ் விளக்கின் இளஞ்சூட்டில் உலர்த்துதல், வெடித்த இடத்தைச் சுரண்டிக் கரியை நீக்கி எப்பாக்சிப் பசையால் மூடுதல், படக்குழலின் நேர்மின்வாய்ச் சுற்றைச் சாராயக் கரைப்பானால் துடைத்துச் சிலிக்கோன் பசையிடுதல் ஆகியன பராமரிப்பு முறைகளாயின. ஈரம் நிறைந்த சூழலில் அன்றாடப் பயன்பாடே ஒருவகைப் பராமரிப்பாகும் என்பது இவற்றால் பெறப்படும்.

5. திரிதடையக் காலம்: மறக்கவேண்டியிருந்த அறிவு

1982இல் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணப் பெட்டிகளின் பரவலை விரைவுபடுத்தின. அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் நிறுவப்பட்ட குறைந்த திறன் அலைபரப்பிகளும், கொடைக்கானலின் உயர்திறன் அலைபரப்பியும் தமிழகத்தின் உட்பகுதிகளுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர்க் கம்பிவடம் அப்பரவலை நிறைவு செய்தது.

இக்காலப் பெட்டிகளில் வெளியீட்டுக் குழலின் இடத்தைப் பி.யு. 208 போன்ற திரிதடையம் பெற்றது. பழைய அறிவின் ஒரு பகுதி இங்கே தீங்காக மாறியது. குழலைப் பாதிக்காத பொறியிழுப்பு, திரிதடையத்தை நொடியில் அழித்தது. முதல் தலைமுறையினரிடம் திறமையின் அடையாளமாக இருந்த செய்கையை அடுத்த தலைமுறையினர் தவறெனக் கற்பிக்க வேண்டியதாயிற்று. கைத்திறன் காலந்தோறும் சேர்ந்துகொண்டே செல்லும் செல்வம் என்னும் பொதுக்கருத்து இங்கே திருத்தம் பெறுகிறது. பராமரிப்பறிவின் வரலாற்றில் கற்றலோடு கைவிடுதலும் அடங்கும்.

இரண்டாவது மாற்றம் நுட்பமானது. வெளியீட்டுத் திரிதடையத்துக்கு இணையாக 1,600 முதல் 2,000 வோல்ட் தாங்கும் சிறு மின்தேக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மின்துடிப்பின் அகலத்தை அதுவே வரையறுக்கிறது. முதுமையால் அதன் கொள்ளளவு குறைந்தால் துடிப்பு குறுகி உயரும்; உயர் மின்னழுத்தமும் கூடவே ஏறும். படம் கெடுவதற்குப் பதில் சற்றே ஒளிர்வாகத் தோன்றுவதால் பார்ப்பவர் இதனைப் பழுதென உணர்வதில்லை. இறுதியில் திரிதடையமோ மின்மாற்றியோ வெடிக்கும். குறைந்த மின்னழுத்தம் தாங்கும் மின்தேக்கியை அவ்விடத்தில் வைப்பது பழுதை மீண்டும் வரவழைக்கும். மின்சுற்றுப் படங்களில் இவ்வுறுப்புக்குப் பாதுகாப்பு உறுப்பு என்னும் குறியிடப்பட்டதன் காரணம் இதுவே.

இவ்வுறுப்போடு பொது நலவாழ்வும் தொடர்புடையது. மின்னழுத்தம் மிகுந்தால் வண்ணப் பெட்டி எக்சு கதிர்களை வெளியிடும். 1967இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெரிய வண்ணப் பெட்டிகள் சில அளவுக்கு மீறிய கதிர்களை வெளியிட்டது தெரியவந்தது. அடுத்த ஆண்டே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. பெட்டியின் புறப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் மணிக்கு 0.5 மில்லிராண்ட்ஜன் என்னும் வரம்பு அதன் வழியே நிலைபெற்றது. ஈயம் கலந்த கண்ணாடி இக்கதிர்களைத் தடுக்கிறது. எனினும் மங்கிய படக்குழலுக்கு ஒளியூட்ட உயர் மின்னழுத்தத்தை ஏற்றுவது அத்தடுப்பின் எல்லையைச் சோதிப்பதாகும்.

இந்நுட்பங்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களின் ‘மெக்கானிக் ரேடியோ அண்டு டி.வி.’ பயிற்சிப்பிரிவு கற்பித்தது, ஆர்.ஆர். குலாட்டியின் பாடநூல்கள் பொறியியல் மாணவரிடையே வழங்கின. பட்டறைகளில் இவ்வறிவு கைவழியாகப் பரவியது. ‘எல்.ஓ.டி.’, ‘கண்டென்சர்’, ‘ஸ்டெபிலைசர்’ என ஆங்கிலச் சொற்கள் நிலைபெற, ‘ஈயம் வைத்தல்’, ‘கரி எடுத்தல்’ என வினைகள் தமிழில் அமைந்தமை சொல்லாய்வுக்குரிய செய்தி.

6. அரசு வழங்கிய பெட்டிகளும் மூடிய மின்மாற்றியும்

2006 சட்டமன்றத் தேர்தலின்போது தி.மு.க. அளித்த வாக்குறுதியின்படி இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் மாநிலமெங்கும் வழங்கப்பட்டன. 2011 ஆட்சி மாற்றத்தின் பின் திட்டம் கைவிடப்படும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் குடும்பங்களைச் சென்றடைந்தன. தேர்தல் வாக்குறுதியாக இலவசப் பொருள் வழங்குவதை எதிர்த்த எஸ். சுப்பிரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. கொடுத்தல் முறையா என்பதே அங்கு வழக்கு. கொடுக்கப்பட்ட பெட்டி பத்தாண்டுக்குப் பின் என்னவாகும் என்பது பொதுவிவாதத்தின் பொருளாகவில்லை.

இப்பெட்டிகளின் காலத்துக்குள் உயர் மின்னழுத்தப் பகுதி முற்றிலும் மாறியிருந்தது. முதலில் மின்திருத்திக் குழலின் இடத்தில் திண்ம மின்திருத்தியும், பிறகு மின்னழுத்தத்தை மும்மடங்காக்கும் ‘டிரிப்ளர்’ எனும் தனிப்பெட்டகமும் வந்தன. அதன் பின்னர், சுற்றுகளை அடுக்குகளாகப் பிரித்து இடையிடையே மின்திருத்திகளை வைத்து, முழுவதையும் எப்பாக்சியில் வார்த்து மூடிய மின்மாற்றி நிலைபெற்றது. குவிப்பு மின்னழுத்தத்தைத் திருத்தும் குமிழ்கள்கூட அதன் உடலிலேயே அமைந்தன. காற்றும் ஈரமும் புகாத இவ்வமைப்பு வளப்பூர் நாடு போன்ற மலைப்பகுதிக்கு முந்தையதினும் ஏற்றது. மின்வழங்கலின் ஏற்ற இறக்கத்தையும் புதிய மின்வழங்கிகள் தாமே சமன்செய்ததால் ‘ஸ்டெபிலைசர்’ தேவையற்றதாயிற்று.

எனினும் வார்ப்பினுள் விரிசல் தோன்றினாலோ உட்சுற்று குறுக்கிணைந்தாலோ அதனைத் திறக்க வழியில்லை. முழு மின்மாற்றியையும் மாற்றவேண்டும். உலர்த்துதலும், கரி எடுத்தலும், மறுசுற்றும் பயனற்றுப்போயின. பழுதுபார்ப்பு, சரியான எண்ணுடைய உதிரியைக் கண்டறியும் பணியாகச் சுருங்கியது. 2010களில் இந்தியாவில் படக்குழல் உற்பத்தி நின்றபோது உதிரிகளின் வரத்தும் மெல்ல வறண்டது. பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளே இருப்பு ஆயின. 1970களின் பெட்டி கையாலும் 2000களின் பெட்டி கடையாலும் உயிர்த்தன எனச் சுருங்கக் கூறலாம். கடையிலிருந்து 70 வளைவுகள் தொலைவிலுள்ள மலைநாட்டுக்கு இவ்வேறுபாட்டின் சுமை மிகுதி.

பெட்டியின் முடிவும் இவ்வரலாற்றின் பகுதியே. வண்ணப் படக்குழலின் புனலிலும் கழுத்திலும் ஈயம் கணிசமாகக் கலந்துள்ளது. விலக்குச் சுருளிலும் மின்மாற்றியிலும் உள்ள செம்புக்காகக் குழலை உடைத்தெறிவதால் ஈயக்கண்ணாடியும் ஒளிர்பூச்சுத் தூளும் மண்ணில் கலக்கும். 2011இல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கின. மலையூர்களிலிருந்து ஓர் எடைமிக்க பெட்டியை முறையான மையத்துக்குக் கொணரும் செலவோ பெட்டியின் விலைமதிப்பை விஞ்சுவது.

7. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு: உயர் மின்னழுத்தப் பகுதி காற்றோடும் ஈரத்தோடும் தூசியோடும் நேரடியாக உறவாடுவது, ஆதலால் தொழிற்சாலையில் ஒரே வடிவில் செய்யப்பட்ட பெட்டி இடத்துக்கேற்ப வேறு வேறாக மூத்தது. வெற்றிடக் குழலிலிருந்து வார்ப்பு மின்மாற்றி வரையிலான மாற்றம், பாதுகாப்பும் உறுதியும் தந்தது. அதற்கு விலையாக உள்ளூர்க் கைத்திறனைப் பெற்றுக்கொண்டது. ஒரு காலத்தின் பராமரிப்பறிவு அடுத்த காலத்தில் ஊறாகவும் மாறியது. வழங்கும் திட்டங்களை ஆராயும் வரலாறு, வழங்கியதைக் காக்கும் ஏற்பாட்டையும் உடன் ஆராயவேண்டும்.

ஒலியாலும் மணத்தாலும் மயிர்ச்சிலிர்ப்பாலும் பழுதறிந்த தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. அவர்தம் அறிவு பெரும்பாலும் எழுத்தில் இல்லை. பட்டறைக் குறிப்பேடுகள், கையால் திருத்தப்பட்ட மின்சுற்றுப் படங்கள், தொழிற்பயிற்சிப் பாடத்திட்டங்கள், பட்டறைச் சொற்கள் ஆகியவற்றைத் தொகுப்பது தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி. அருங்காட்சியகங்கள் பழைய பெட்டியைத் திரட்டும்போது அதன் பழுதுகளின் தடயங்களையும் அழியாது காத்தல் வேண்டும். எப்பாக்சி பூசிய ஒரு மின்மாற்றி, அது எந்த ஊரின் ஈரத்தை எத்தனை ஆண்டுகள் தாங்கியது என்பதற்கான ஆவணமாகும்.